பூப்பலகையில் அடுக்கிய மத்தியானங்கள்

தட்டான்குளத்தில் முதன்முதலாக மத்தியானம் இல்லாமல் போனது ஒரு பங்குனிச் சனிக்கிழமை. பேரூராட்சிச் சங்கு ஊதி ஓய்ந்ததும், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர்கள் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோவதற்குள், ஜன்னல்களில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்து, குருவிகள் கூட்டுக்குத் திரும்பி, சிவன் கோயிலில் சாயரட்சை மணி அடித்தது. யாரும் பெரிதாகத் திடுக்கிடவில்லை. தார் உருகிச் செருப்பில் ஒட்டும் அந்த ஊரில் மத்தியானத்தை விரும்பியவர்கள் யாருமில்லை. வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போன சம்பந்தி வீட்டாரை நினைப்பதுபோல, போனது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு கை கழுவினார்கள், காபிக்கு அடுப்பைப் பற்றவைத்தார்கள், துவைத்த துணி காயவில்லையே என்று மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார்கள்.

அது எங்கே போயிற்று என்று மங்கையர்க்கரசிக்கு மட்டும் தெரிந்தது. அவள் மடியில் இருந்த இரண்டு பலகைகளுக்கு நடுவே, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் அடுக்கில், ஒரு பத்துமணிப் பூவோடு சேர்ந்து அது படுத்துக்கிடந்தது. பலகை லேசாகச் சுட்டது.

அந்தப் பூப்பலகையைச் செய்தவர் அவள் கணவர் சோணைமுத்து. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவளுக்கு அத்தை மகன். நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது, இனி காற்றடிக்கிற வேலையெல்லாம் கூடாது என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்ட பிறகு கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். ஆனால் கைகளுக்கு அந்த விவரம் தெரியவில்லை. அவை மிக்ஸியைக் கழற்றிப் பூட்டின, நன்றாக ஓடிய மின்விசிறியைக் கழற்றி ஓடாமல் செய்தன, கடைசியில் வேறெதுவும் அகப்படாமல் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மங்கையர்க்கரசி ஒருநாள், எனக்கு ஒரு பலகை செய்து கொடுங்கள் என்று கேட்டாள். கல்லூரியில் தாவரவியல் படித்தபோது அப்படி ஒரு பலகையில் அவள் மதிப்பெண்ணுக்காகச் செடிகளைத் தாளுக்கிடையில் அழுத்திப் பதப்படுத்தியிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு பூ என்றால் தலைக்கு, சாமிக்கு, பிணத்துக்கு என்று ஆகிவிட்டது.

"பூவை நசுக்குறதுக்கு ஒரு சாமானா?" என்றார் சோணைமுத்து.

"நசுக்குறதில்ல அத்தான். படுக்க வைக்கிறது."

ஐப்பசிக் காற்றில் பஸ் ஸ்டாண்டில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்தின் பலகை ஒன்று அறுவை மில்லில் இருந்தது. அந்த மரத்தடியில்தான் ஊரின் மூன்று தலைமுறை மத்தியானத் தூக்கம் தூங்கியிருந்தது. மரத்துக்கு அதெல்லாம் உள்ளே இறங்கியிருக்கும் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள், அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை. சோணைமுத்து கொஞ்சம் அறுப்பார், கொஞ்சம் மூச்சு வாங்குவார்; கொஞ்சம் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், தேய்த்த இடத்தைக் கன்னத்தில் வைத்து வழவழப்பைப் பார்ப்பார். நான்கு மூலையிலும் துளையிட்டு நீளமான போல்ட்டுகளைச் செருகி, பழைய சைக்கிள் சக்கரங்களில் இருந்த காது வைத்த நட்டுகளை மேலே மாட்டினார், கையாலேயே திருகலாம் என்பதற்காக. தாளுக்கு அவள் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக் கொடுத்தாள். கெட்டியான தாள், ஈரத்தை நன்றாக உறிஞ்சும்.

பிறகு மூடிக்கு அலங்காரம். அவள் பென்சிலால் விளிம்பைச் சுற்றி ஒரு கொடி வரைந்து, மூலைக்கு ஒன்றாகப் பத்துமணிப் பூவும் சங்குப்பூவும் ஆவாரம்பூவும் அந்திமந்தாரையும் வைத்தாள். அவர் ஒரு சைக்கிள் கம்பியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, அந்தக் கோட்டின்மேல் மெல்ல இழுத்துச் சூடு வைத்தார். மரம் பழுப்பாகிக் கறுத்து, கருப்பட்டி காய்ச்சும் வாசனை வந்தது. ஆனால் புகை அவர் நெஞ்சுக்கு ஆகவில்லை. முதல் பூ முடிந்து கொடி அடுத்த மூலையைத் தொடுவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று கம்பியை வைத்தவர் பிறகு எடுக்கவில்லை. ஒரு மூலையில் பூவும் மூன்று மூலையில் பென்சில் கோடுமாகத்தான் அந்தச் சனிக்கிழமை பலகை வேலைக்கு வந்தது. மதில்மேல் பெயிண்ட் டப்பாவில் உச்சி வெயிலுக்கு முழுசாக விரிந்திருந்த பத்துமணிப் பூவை அவள் தாளில் வைத்து மூட, அவர் சக்கரம் பூட்டிய கைப் பழக்கத்தில் நட்டுகளை இனி ஒரு சுற்று வராது என்னும்வரை இறுக்கினார். இறுக்கி நிமிர்ந்தபோது சாயங்காலம்.

நாலைந்து நாள் கழித்து ஓர் அந்தியில் அவள் தாளைப் பிரித்தாள். பிரிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இதழ் பறந்துவிடும் என்பது கல்லூரியில் கற்றது. பூ மெழுகுத்தாள்போல, நிறம் மாறாமல் இருந்தது. கூடவே அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எழுந்து ஊர்மேல் பரவியது, அன்றைய வெயிலோடு, அன்றைக்கு வந்திருக்க வேண்டிய ஐஸ்காரனின் மணியோடு. வேலை முடித்து வந்தவர்கள் இன்னொரு முறை பாயை விரித்துப் படுத்தார்கள். அடுத்த வீட்டில் தையல் வேலை பார்க்கும் ஷரிபா மட்டும் மதில்மேல் எட்டிப் பார்த்து, "அக்கா, சனிக்கிழமையை இப்பப் போட்டீங்களா? சொல்லியிருந்தா வடகம் பிழிஞ்சிருப்பேன்ல" என்றாள்.

இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது; தெரிந்ததும் ஊர் தன் சௌகரியத்தைப் பார்க்க ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் மத்தியானத்துக்கு இருந்த கணக்குப் பாடத்தைக் காலைக்கு மாற்றினார்கள், பிள்ளைகள் மங்கையர்க்கரசி வீட்டு வாசலில் வந்து அழுதார்கள். மத்தியானம் இல்லாத நாளில் இரண்டு தொழுகை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தபோது, பள்ளிவாசல் இமாம் யோசித்துவிட்டு, ஊரே உச்சியிலிருந்து அந்திக்குப் பயணம் போயிருக்கிறது, பயணிகளுக்கு உள்ள சலுகை நமக்கும் உண்டு, சேர்த்துத் தொழுதுகொள்ளலாம் என்று சொன்னதாக ஷரிபா சொன்னாள். வத்தலும் அப்பளமும் காயவைக்கிறவர்கள்தான் மனம் கலங்கினார்கள். அவர்களுக்காக, முழு மத்தியானத்தை இனி எடுப்பதில்லை என்று மங்கையர்க்கரசி ஒப்புக்கொண்டாள். நட்டை இறுக்குகிற அளவில் விஷயம் இருக்கிறது என்று சோணைமுத்து கண்டுபிடித்தார்; கொஞ்சமாகத் திருகினால் கொஞ்ச நேரம்தான் பலகைக்குள் போனது.

அப்போதுதான் அரிசி ஆலை தர்மராஜ் வந்தார். மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீட்டார் புதன்கிழமை உச்சிக்குத்தான் வர முடியுமாம், புதன்கிழமை உச்சியில் ராகு காலம். "அந்த ஒண்ணரை மணி நேரத்தை மட்டும் எடுத்துருங்கக்கா" என்று கேட்டார், பந்தியில் கறிவேப்பிலையை ஒதுக்கச் சொல்வதுபோல. அவள் ஒரு பூவைப் பறித்து வைத்தாள், சோணைமுத்து அளவாகத் திருகினார். தட்டான்குளத்தில் ராகு காலம் இல்லாத முதல் புதன்கிழமையில் தாம்பூலத் தட்டு மாறியது.

அதன்பிறகு வராதவர் யார்? கடை திறக்கிறவர்கள் வந்தார்கள், வெளிநாடு கிளம்புகிறவர்கள் வந்தார்கள், பிரசவத்துக்குப் போகிற பெண்ணின் அம்மா வந்தாள். செவ்வாயின் பிற்பகல், புதனின் உச்சி, வியாழனின் உண்ட மயக்கம் என்று ஊர் தன் ராகு காலங்களைக் கழித்துக் கழித்துக் கொடுக்க, அவள் வாங்கி வாங்கிப் பூவோடு அடுக்கினாள். இத்தனை நேரத்தைக் கொடுத்தால் ஆயுள் குறையாதா என்று யாரோ கேட்டதற்கு, ராகு காலத்தை எவன் ஆயுளில் சேர்த்தான் என்று ஊரே சிரித்தது. அவளுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு முழுதாக வரவில்லை. எடுக்கிற நேரத்தில் சோணைமுத்துவின் நேரமும் போகிறதே என்று ஒரு நினைப்பு, நார் உரித்த கையில் ஒட்டிய பிசின்போல, கழுவக் கழுவ இருந்தது. திருப்பித் தருவதற்குத்தானே எடுத்து வைக்கிறோம் என்று தேற்றிக்கொள்வாள். ஆனால் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை.

"ஊரு வேண்டாம்னு தள்ளின நேரத்தையெல்லாம் நம்ம கட்டிலுக்கடியில அடுக்கி வச்சிருக்கியே அரசி," என்றார் சோணைமுத்து ஒருநாள். அதற்குள் அவர் கட்டிலைவிட்டு இறங்குவது குறைந்துவிட்டது. "பூச்சி கீச்சி வந்துறப் போகுது."

பூச்சி வரவில்லை, ஜோசியர் பொன்னுரங்கம் வந்தார். ஆரம்பத்தில் தன் பிழைப்பில் மண் விழுந்ததென்று மனத்தாங்கலில் இருந்த மனிதர். இப்போது நல்ல எண்ணத்தோடுதான் வந்தார். படுத்திருக்கிறவர் கட்டிலுக்கடியில் இத்தனை ராகு காலம் இருப்பது ஆகாது, ஆற்றில் விட்டுவிடுங்கள் அம்மா, நானே எடுத்துப்போகிறேன் என்று மஞ்சள் துணிகூடக் கொண்டுவந்திருந்தார். தெருக்காரர்கள் பின்னால் நின்றார்கள். எல்லோர் முகத்திலும் சோணைமுத்து பிழைக்க வேண்டும் என்பதுதான் இருந்தது, அதனால்தான் மறுப்பது கஷ்டமாக இருந்தது. அவள் பலகையை வெளியே எடுத்து, பாதியில் நின்ற மூடியில் கறுத்துக்கிடந்த அந்த ஒற்றைப் பூவைத் தடவிப் பார்த்தாள். அத்தான் கையால் சுட்டது. அப்புறம் பார்க்கலாம் என்று திரும்பவும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். அன்று ராத்திரி சோணைமுத்துவுக்குக் கால் வீங்கியபோது, ஜோசியர் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று அவளுக்கே பயமாகிவிட்டது.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவர் மூச்சு, பஞ்சர் ஒட்டாத ட்யூப்போல, வருவது தெரியாமல் போவது மட்டும் கேட்டது. டாக்டர் வந்து நாடியைப் பிடித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேண்டாம் என்று சொல்லி, வாசலில் ஷரிபாவிடம் குரலைத் தாழ்த்தினார். விளக்கு வைக்கும் நேரம் தாண்டாது என்றார். மங்கையர்க்கரசிக்கு அது கேட்டது. கிணற்றடியில் அந்திமந்தாரை மொட்டுகள் நுனியில் பிளந்துகொண்டிருப்பதும் ஜன்னல் வழியே தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவை விரியும், விரிந்தால் சாயங்காலம், சாயங்காலம் ஆனால் விளக்கு.

அவள் குனிந்து பலகையை இழுத்தாள். நான்கு நட்டுகளையும் தளர்த்தினாள். மூச்சை அடக்கிக்கொண்டு மேல்தாளைப் பிரித்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமையின் பிற்பகல் எழுந்தது. சாய்ந்த வெயில் நிமிர்ந்தது. கூடு திரும்பிய குருவிகள் வெளியே வந்து மின்கம்பியில் உட்கார்ந்தன. எப்போதோ செத்துப்போன தெருநாய் ஒன்று, அந்தச் செவ்வாய்க்கிழமையில் உயிரோடு இருந்ததால், யாரையோ பார்த்துக் குரைத்தது. அந்திமந்தாரை பிளந்த அளவில் நின்றது. சோணைமுத்துவின் மூச்சும் இருந்த இடத்தில் நின்று, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், சீராக வரத் தொடங்கியது. அவர் கண்ணைத் திறந்தார்.

"என்ன நேரம் அரசி?"

"ராகு காலம் அத்தான்."

"அப்பச் சரி," என்றார்.

அந்தத் தாள் தீர்ந்து வெயில் சாயப் பார்க்கும்போது அவள் அடுத்ததைப் பிரித்தாள். தூறலோடு ஒரு வியாழக்கிழமை வந்தது, அதன்பின் ஒரு புதன்கிழமை. வாசலில் கூடியிருந்தவர்கள் எது நடக்கிறது என்று புரிந்துகொண்டு, தாங்கள் தள்ளிவிட்ட நேரங்களுக்குள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எமன் இதற்கெல்லாம் கட்டுப்படுவானா என்று யாரோ ஜோசியரிடம் மெல்லக் கேட்டார்கள். பொன்னுரங்கம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாவும் ஒரு பயணம்தானப்பா," என்றார். "ராகு காலத்துல யாரும் கிளம்ப முடியாது."

ராகு காலத்தில் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது. ஏற்கெனவே தொடங்கியதைத் தொடரலாம். அது அந்த ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அதனால் தட்டான்குளம் அன்றைக்குப் பாதியில் கிடந்ததையெல்லாம் எடுத்தது. ஷரிபா ஒரு கையோடு நின்றுபோன சட்டைக்கு மறுகையைத் தைத்தாள். பாதி எழும்பிய மதிலில் ஒருவன் செங்கல் வைத்தான். பாகப் பிரிவினையில் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணனும் தம்பியும், முறிந்த வாக்கியத்தின் மீதியை எங்கே விட்டோம் என்று இருவருமாகத் தேடிப் பிடித்து, சொல்லி முடித்துவிட்டு, அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை என்று கண்டு வெட்கப்பட்டார்கள்.

உள்ளே சோணைமுத்து கையை நீட்டினார். "அந்த மூடியக் கொண்டா. பாதியில கெடக்கு."

அவள் அடுப்பைக் கட்டிலருகே கொண்டுவந்து கம்பியைக் காய்ச்சினாள். தலையணைகளை அண்டக் கொடுத்து அவரை உட்கார வைத்து, அவர் கைக்கடியில் தன் கையை வைத்துத் தாங்கிக்கொண்டாள். கம்பி கோட்டின்மேல் ஊர்ந்தது. புகை வரும்போதெல்லாம் அவள் வாயால் ஊதி அப்பால் தள்ளினாள். சங்குப்பூ முடிந்தது. கொடி நகர்ந்து ஆவாரம்பூவுக்குப் போனது. அவள் இடது கையால் தாளைப் பிரிப்பாள், வலது கையால் அவரைத் தாங்குவாள். கல்யாணமான புதிதில் அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது சீட்டுக்குப் பின்னால் இப்படித்தான் அவர் கை இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. அவருக்கும் அதுவேதான் தோன்றியிருக்க வேண்டும். "ஆட்டாத, நேரா பாரு," என்றார்.

வெயில் நின்ற இடத்திலேயே நின்றது. வாசலில் சலசலப்புக் கேட்டது. தர்மராஜ் பட்டு வேட்டியோடு வந்திருந்தார். அன்று அந்திக்கு அவருடைய இளைய மகளுக்குக் கல்யாண வரவேற்பு. மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நிற்க, சாயங்காலம் வராமல் பந்தி தொடங்க முடியாமல், வைத்த சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து ஷரிபா எழுந்து வழியை மறித்து நின்றாள். அவர் அவளைத் தாண்டி ஜன்னலருகே வந்தார்.

"அக்கா, இன்னும் எத்தனை தாள் இருக்கு?"

"தெரியல தர்மராஜ். எண்ணல."

அவர் கட்டிலில் குனிந்திருந்த தலையைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். "எண்ண வேண்டாம். எங்க வீட்டுப் புதன்கிழமை ஒண்ணு அதுல இருக்கும், அதையும் பிரிச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுப் பட்டு வேட்டியோடு வாசல்படியில் உட்கார்ந்தார்.

சோணைமுத்துவுக்கு அது காதில் விழுந்தது. அவர் கடைசி மூலைக்கு வந்திருந்தார். அந்திமந்தாரையின் குழலைச் சுட்டு, இதழ்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு வந்தவர், ஒரே ஓர் இதழ் மீதமிருக்கும்போது கம்பியைத் தண்ணீரில் வைத்தார். அது சுர்ரென்று அடங்கியது.

"ஒரு இதழ் இருக்கு அத்தான்."

"இருக்கட்டும்." அவருக்குப் பேசுவதற்கு இடையில் நிறைய நேரம் வேண்டியிருந்தது, நேரம் இருந்தது. "முடிச்சுட்டா நீ புதுசால்ல ஒண்ணு தொடங்கணும். இதுன்னா தொட்ட வேலை. எந்த நேரமும் பாக்க வேண்டாம், எடுத்துச் செய்யலாம்."

அவள் அடுத்த தாளுக்குக் கையைக் கொண்டுபோனாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் அரசி. கல்யாணப் பொண்ணு மேடையில நின்னுக்கிட்டே இருக்கும். கால் வலிக்கும் பாவம்."

பலகையில் இன்னும் தாள்கள் இருந்தன. அவளுக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே நின்ற ஜோசியரை அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாழ்நாளெல்லாம் நல்ல நேரம் சொன்ன அந்த மனிதர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், சொல்லமாட்டேன் என்பதுபோல. ஆகவே அவளே சொல்ல வேண்டியிருந்தது. பிடித்த கையை விடாமல், அவர் காதோரம் குனிந்து, "நல்ல நேரம்தான் அத்தான்," என்றாள். கிணற்றடியில் அந்திமந்தாரை முழுசாக விரிந்தது. ஷரிபா வந்து விளக்கை ஏற்றினாள். மண்டபத்தில் மேளம் ஒரு தட்டு தட்டி, பிறகு துக்கத்துக்காக நின்று, இது ஏற்கெனவே எடுத்த கல்யாணம் என்பதால் மெதுவாகத் தொடர்ந்தது.

அதற்கப்புறம் ராகு காலத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லித் தட்டான்குளத்தில் யாரும் அவள் வீட்டுக்கு வரவில்லை. மீதித் தாள்களுக்குத்தான் வந்தார்கள். எந்த வீட்டிலாவது யாருக்காவது அந்தி நெருங்கினால், வீட்டார் அவள் வாசலில் வந்து நிற்பார்கள். அவள் ஒரு தாளை எடுத்துக் கொடுத்து, பிரிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லுவாள். தாள்கள் தீர்ந்த பிறகும் வழக்கம் ஒன்று நிலைத்துவிட்டது. அந்த ஊரில் இன்றைக்கும், படுத்திருப்பவர் உள்ள வீட்டில் எதையும் முழுதாக முடிப்பதில்லை. பூச்சரத்தில் கடைசி முடிச்சைப் போடமாட்டார்கள், கோலத்தில் ஓர் இழையைச் சேர்க்காமல் விடுவார்கள், சொல்லிவந்த கதையைப் பாதியில் நிறுத்தி எழுந்துபோவார்கள். வெளியூர்க்காரர்கள் சோம்பேறி ஊர் என்பார்கள்.

செவ்வாய்க்கிழமைப் பிற்பகலில் மங்கையர்க்கரசி வீட்டிலிருந்து கருப்பட்டி காய்ச்சும் வாசனை வரும். மூடியை மடியில் வைத்துக்கொண்டு, கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, அந்தக் கடைசி இதழின் கோட்டில் ஒரு புள்ளி வைப்பாள். ஷரிபா மதில்மேல் எட்டி, இன்னும் முடியலையாக்கா என்று கேட்பாள். அவள் புகையை ஊதிவிட்டு, கம்பியைத் தண்ணீரில் வைப்பாள்.

"ஆமா. மிச்சம் இருக்கு."